ஒன்பது வருட மெத்தை: கறைக்காக மாற்றுவதா, குழிக்காக மாற்றுவதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: ஸ்பிரிங் மெத்தை, வாங்கி 9 வருடம் ஆகிறது. நடுவில் மஞ்சள் கறை, ஓரத்தில் குழந்தை சிறுநீர் கழித்த பழைய தடம், ஈரமான நாட்களில் லேசான வாடை. காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ‘எட்டு வருடம் தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான்’ என்கிறார் ஒருவர்; ‘சமையல் சோடா தூவி வேக்குவம் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும்’ என்கிறார் இன்னொருவர். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்த மெத்தை இன்னும் உடம்பைத் தாங்குகிறதா என்பது ஒன்று, சுத்தமாக இருக்கிறதா என்பது இன்னொன்று. கறை படிந்த மெத்தை நன்றாகவே தாங்கலாம். உறைக்குள் வெள்ளை வெளேர் என்று இருக்கும் மெத்தை உள்ளே தளர்ந்து போயிருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் அந்த எட்டு வருடக் கணக்கு. மெத்தையின் ஆயுள் அதன் பொருள், படுப்பவரின் எடை, கீழே இருக்கும் கட்டில் மூன்றையும் பொறுத்தது. தோராயமாக, சாதாரண ஃபோம் 5 முதல் 8 வருடம், ஸ்பிரிங் 7 முதல் 10 வருடம், நல்ல லேடெக்ஸ் (ரப்பர் நுரை) 10 வருடத்துக்கு மேலும் தாங்கும். பஞ்சு மெத்தையைப் பிரித்துப் பஞ்சை அடித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம் என்பதால் அதற்கு இந்தக் கணக்கே பொருந்தாது. ஃபோமில் அடர்த்திதான் முக்கியம்: கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தியுள்ளது சீக்கிரம் அமுங்கிவிடும், 35, 40 கிலோ உள்ளது நின்று உழைக்கும். புது மெத்தை தூக்கத்தை மேம்படுத்துமா என்று அமெரிக்காவில் 59 பேரிடம் 28 நாட்கள் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களுடைய பழைய மெத்தைகளின் சராசரி வயது ஒன்பதரை வருடம். மாற்றிய பிறகு முதுகுவலியும் தூக்கமும் சீரானதாகச் சொன்னார்கள். ஆனால் புது மெத்தையில் படுக்கிறோம் என்பது படுத்தவருக்கே தெரியும் என்பதால், அந்த முன்னேற்றத்தில் எவ்வளவு மெத்தையால், எவ்வளவு எதிர்பார்ப்பால் என்று பிரிக்க முடியாது. ஆக, 9 வருடம் என்பது சோதித்துப் பார்க்க ஒரு காரணம். தூக்கிப் போட அது மட்டும் போதாது.

சோதனை எளிது. விரிப்பு, உறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சில மணி நேரம் யாரும் படுக்காமல் விடுங்கள். பிறகு இரண்டு பேர் ஒரு நூலை இடுப்பு வரும் இடத்துக்கு நேராக, குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தனியாக இருந்தால் நேரான நீளமான குழாய் ஒன்றை வைக்கலாம். நூலுக்கும் குழியின் அடிக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பள்ளம் என்றால் பெரிதாகக் கவலை இல்லை. படுத்துப் பழகிய எந்த மெத்தையிலும் அது இருக்கும். இரண்டரை சென்டிமீட்டரை நெருங்கினால் இடுப்பு தாழ்ந்து முதுகு வளைய ஆரம்பிக்கும். நான்கைத் தாண்டினால் அந்த மெத்தைக்கு வேறு வைத்தியம் இல்லை. பல வாரன்டி அட்டைகளில் குழிக்கு வைத்திருக்கும் வரம்பும் இந்த இரண்டரை முதல் நான்குக்குள்தான் வரும். மெத்தையின் பக்கவாட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஓரமே தாழ்ந்திருந்தால் நூலும் தாழ்ந்து, குழி உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் தலைமாட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள்.

நூல் சோதனையில் தப்பிவிடும் ஒரு கோளாறும் இருக்கிறது. ஃபோம் தளரும்போது, படுக்காத நேரத்தில் பழைய உயரத்துக்கு எழும்பி நிற்கும். படுத்ததும் அப்படியே இறங்கிவிடும். இதைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். முஷ்டியை மடக்கிக் கால்மாட்டு ஓரத்தில், அதாவது யாரும் எடை வைக்காத இடத்தில், ஒருமுறை அழுத்துங்கள். பிறகு அதே பலத்தோடு இடுப்பு வரும் இடத்தில் அழுத்துங்கள். இரண்டாவது இடத்தில் முஷ்டி சட்டென்று உள்ளே போய் அடியில் கெட்டியாக எதிலோ மோதினால் மேலடுக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் மெத்தையிலும் பெரும்பாலும் முதலில் தளர்வது ஸ்பிரிங் அல்ல, அதன் மேல் தைத்திருக்கும் ஃபோம் அடுக்குதான். ஃபோம் என்பது கண்ணுக்குத் தெரியாத குமிழ்ச் சுவர்களால் ஆனது. ஒவ்வொரு இரவும் ஒரே இடத்தில் எடையும் உடல் சூடும் ஈரமும் சேரும்போது அந்தச் சுவர்கள் முறிகின்றன. முறிந்தது முறிந்ததுதான். மேலே டாப்பர், அதாவது மெத்தை மேல் விரிக்கும் மெல்லிய கூடுதல் அடுக்கு, போட்டால் குழி நிரம்பாது, டாப்பரும் சேர்ந்து குழிக்குள் இறங்கும். மெத்தை சமமாக இருந்து மிகவும் கெட்டியாக இருந்தால் மட்டும் டாப்பர் உதவும்.

மெத்தைக்குத் தீர்ப்பு எழுதும் முன் கட்டிலைப் பாருங்கள். மெத்தையைத் தரையில் இறக்கி வைத்து அதே நூல் சோதனையைச் செய்யுங்கள். தரையில் குழி காணாமல் போனால் குற்றவாளி கட்டில்தான். நடுச்சட்டம் வளைந்திருக்கும், நடுக்கால் தரையைத் தொடாமல் தொங்கும், அல்லது குறுக்குப் பலகை ஒன்று விரிசல் விட்டிருக்கும். பலகைகளுக்கு நடுவில் இடைவெளி 7, 8 சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஃபோம் அந்த இடுக்குகளில் பிதுங்கி இறங்கும். இருவர் படுக்கும் அகலக் கட்டிலுக்கு நடுவில் தாங்குகால் கட்டாயம். இது பலகை வேலை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதைப் பார்க்காமல் புது மெத்தை வாங்கினால் அதுவும் அதே இடத்தில் குழியும்.

இடுப்பு வலிக்கு வருகிறேன். வேறு படுக்கையில் நான்கைந்து இரவு படுத்தால் வலி இல்லை, எழுந்து நடமாடினால் சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது என்றால் மெத்தை மேல் சந்தேகப்படலாம். வேறு இடத்தில் படுத்தாலும் அதே வலி என்றால் மெத்தையை மாற்றுவதால் பெரிய பயன் இருக்காது. முதுகுவலிக்குக் கட்டாந்தரை போன்ற கெட்டி மெத்தைதான் நல்லது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் செய்து 2003இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், 90 நாட்களுக்குப் பிறகு கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி குறைந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கெட்டி பொருந்தாது: பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் சற்று அமிழ வேண்டும், குப்புறப் படுப்பவருக்கு வயிற்றுப் பகுதி அமிழக் கூடாது. உங்கள் வலி எந்த வகை என்று எழுத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அதிகாலையில் வலி உங்களை எழுப்பினால், ஓய்வில் கூடி நடையில் குறைந்தால், மருத்துவரைப் பாருங்கள். அது மூட்டழற்சியாக இருக்கலாம். கால் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இனி அழுக்கு. மஞ்சள் கறை என்பது வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் நாளடைவில் காற்றுபட்டு நிறம் மாறியது. அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, அதை வெளுக்க வைக்க மெத்தையை நனைப்பதுதான் கெடுதல். மெத்தைக்கு முதல் எதிரி ஈரம். மேலிருந்து ஊற்றிய தண்ணீர் நடு அடுக்கு வரை போய்விடும், அங்கிருந்து காற்று அதை வெளியே எடுக்க நாட்கள் ஆகும், அதற்குள் பூஞ்சை வந்துவிடும். எந்தத் திரவமானாலும் துணியில் தொட்டோ, ஸ்பிரே பாட்டிலில் புகைபோலத் தெளித்தோதான் பயன்படுத்த வேண்டும். உடம்பின் வடிவத்துக்கு அமுங்கி மெதுவாக எழும்பும் மெமரி ஃபோமில் இன்னும் கவனம், அது பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீராவிக் கருவியும் இதே காரணத்தால் மெமரி ஃபோமுக்கும் லேடெக்ஸுக்கும் வேண்டாம்.

சமையல் சோடாவைப் பற்றி: அது புளித்த, அமிலத்தன்மையுள்ள வாடைகளைக் குறைக்கும், மேற்பரப்பு ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும். அவ்வளவுதான். கறையை எடுக்காது, பூச்சியைக் கொல்லாது, ஃபோமுக்குள் இருக்கும் வாடைக்கு எட்டாது. தூவுவதானால் மெல்லிய படலமாகத் தூவி, ஒரு இரவாவது விட்டு, வேக்குவத்தின் சோபா முனையால் மெதுவாக எடுங்கள். நைசான பொடி என்பதால் வேக்குவத்தின் ஃபில்டரை அடைக்கும். முடித்ததும் அதைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். உண்மையில் பாதிப் பலன் வேக்குவத்தால்தான் வருகிறது. மேற்பரப்பு, பக்கங்கள், முக்கியமாகத் தையல் மடிப்புகள் என்று ஒரு மெத்தைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

உங்கள் சிறுநீர்த் தடத்துக்குத்தான் தனியாக வேலை இருக்கிறது. புதிதாக நேர்ந்தால் காய்ந்த துண்டை மடித்து வைத்து உடம்பின் எடையால் அழுத்தி உறிஞ்ச வேண்டும். தேய்த்தால் ஆழமாகவும் அகலமாகவும் பரவும். பிறகு குளிர்ந்த நீரை லேசாகத் தெளித்து மறுபடி அழுத்தி எடுக்க வேண்டும், துண்டில் ஈரம் ஏறுவது நிற்கும் வரை இரண்டு மூன்று தடவை. பழைய தடம் வேறு கதை. நீர் காய்ந்த பிறகு யூரிக் அமிலப் படிகங்களும் உப்புகளும் இழைகளில் தங்கிவிடுகின்றன. காற்றில் ஈரம் ஏறும்போது அவை ஈரத்தை இழுத்து மறுபடி வாடை விடும். ஈரமான நாட்களில் மட்டும் உங்களுக்கு வாடை வருவது இதனால்தான். இதற்கு என்சைம் கிளீனர், அதாவது அழுக்கைச் சிதைக்கும் நொதிகள் கலந்த திரவம், சரியான மருந்து, ஆனால் அது சிறுநீர் போன ஆழம் வரை போக வேண்டும், அட்டையில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்த உடனே துடைத்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். நனைக்கக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு: ஸ்பிரிங் மெத்தையில் இதைச் செய்யலாம், ஆனால் உலர்த்த வழி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கறையும் போக வேண்டும் என்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 240 மில்லி, சமையல் சோடா 3 மேசைக்கரண்டி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு சேர்த்துக் கலக்கி, அப்போதே லேசாகத் தெளித்துக் காய விடலாம். காய்ந்ததும் வெள்ளைப் பொடி நிற்கும், அதை வேக்குவத்தில் எடுக்கலாம். இது நிறத்தை வெளுக்கும், அதனால் கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் தெளித்துப் பாருங்கள். மிஞ்சிய கலவையை மூடி வைக்காதீர்கள். ஆக்சிஜன் வாயு வெளிவந்து பாட்டில் வெடிக்கும். என்சைமும் பெராக்சைடும் ஒரே நாளில் வேண்டாம், பெராக்சைடு என்சைமைச் செயலிழக்கச் செய்துவிடும். முதலில் என்சைம், நன்றாகக் காய்ந்த பிறகு கறை மிச்சமிருந்தால் பெராக்சைடு. வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் கலக்கக் கூடாது, கண்ணையும் மூச்சையும் எரிக்கும் அமிலம் உண்டாகும். பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் மேல் ஊற்றவே கூடாது, சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும். ரத்தக்கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டும். சுடுநீர் பட்டால் அதிலுள்ள புரதம் உறைந்து கறை நிரந்தரமாகிவிடும்.

கழுவலாமே என்று மெத்தையின் மேலுறை ஜிப்பைத் திறக்கும் முன் அட்டையைப் படியுங்கள். சில ஃபோம் மெத்தைகளில் தீத்தடுப்புக்காக உள்ளுறையைக் கண்ணாடி இழையால் செய்கிறார்கள். வெளியுறையைக் கழற்றினால் அந்த இழைத் துகள்கள் அறை முழுவதும் பரவித் தோலையும் கண்ணையும் அரிக்கும், வீட்டிலிருந்து அதை அகற்றுவது பெரும் பாடு.

தூசிப்பூச்சி பற்றி நிறைய பயமுறுத்தல் நடக்கிறது. பத்து வருடத்தில் பூச்சியால் மெத்தையின் எடை இரட்டிப்பாகும் என்று சுற்றும் செய்திக்கு ஆதாரமே கிடையாது. உறுதியாகத் தெரிந்தது இது: மைட் எனப்படும் இந்தப் பூச்சி கால் மில்லிமீட்டர் அளவு, கடிக்காது, உதிரும் தோல் செதிலைத் தின்னும், குடிக்க நீர் தேடாமல் காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழும். அறையின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பெருகாது. ஒவ்வாமை தருவது அதன் கழிவுதான். விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி சூட்டு நீரில் துவைத்தால் பூச்சி சாகும். குளிர்ந்த நீரில் துவைத்தால் கழிவு பெருமளவு போகும், பூச்சிகளில் பல பிழைத்துக்கொள்ளும். வேக்குவம் மேலே உள்ள கழிவை எடுக்கும், நூலிழையைப் பற்றிக்கொண்டிருக்கும் பூச்சியை எடுக்காது. சந்தேகமாக இருப்பது உறைகளின் பலன். நெருக்க நெய்த ஒவ்வாமைத் தடுப்பு உறைகள் மெத்தையிலிருந்து வெளிவரும் ஒவ்வாமைப் பொருளைக் குறைப்பது உண்மை. ஆனால் 2003இல் ஆஸ்துமா உள்ள பெரியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் உறையை மட்டும் போட்டதால் நோய் குறையவில்லை. துவைப்பது, ஈரம் குறைப்பது எல்லாம் சேர்ந்தால்தான் ஓரளவு பலனை எதிர்பார்க்கலாம். வீட்டில் யாருக்கும் ஒவ்வாமை இல்லை என்றால் பூச்சிக்காக மெத்தையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மூட்டைப்பூச்சி வேறு. டார்ச் விளக்கோடு தையல் விளிம்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். பேனா முனை தொட்டதுபோல் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால், ஈரத்துணியால் ஒன்றைத் துடையுங்கள். மை போலச் செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது பூச்சியின் கழிவுதான். இதற்காக மெத்தையைத் தெருவில் போடுவதால் தொல்லை தீராது, கட்டில் இடுக்கிலும் சுவர் விரிசலிலும் இருப்பவை அப்படியே இருக்கும், தூக்கிப் போகிற வழியெல்லாம் உதிரும். பூச்சி ஒழிப்பவரை அழைத்து அறை முழுவதையும் பார்க்கச் சொல்லி, மெத்தையை முழுவதும் மூடும் ஜிப் உறைக்குள் அடைத்து ஒரு வருடம் திறக்காமல் வைப்பதே வழி.

பூஞ்சை விஷயத்தில் நான் தயங்க மாட்டேன். அடிப்பக்கத்தில் கருப்பு அல்லது பச்சைத் திட்டுகள், மண் நாற்றம் இருந்து, அது துணியைத் தாண்டி ஃபோமுக்குள் போயிருந்தால் மெத்தையை மாற்றிவிடுங்கள். மேலே துடைத்தாலும் உள்ளே வேர்விட்டது போகாது. தரையில் நேராகப் போட்ட மெத்தையில்தான் இது அதிகம்: உடல் சூட்டில் கீழிறங்கும் ஈரம் குளிர்ந்த தரையில் பட்டு நீராகி அங்கேயே தங்கிவிடும். தரையில் படுப்பவர்கள் தினமும் மெத்தையைச் சுவரோரமாக நிமிர்த்தி வைக்க வேண்டும். கட்டிலில் இருந்தாலும் எழுந்த உடனே போர்வையை இழுத்து மூடாமல் ஒரு மணி நேரம் திறந்து விடுங்கள். வெயிலில் காய வைப்பது பஞ்சு மெத்தைக்கு மிக நல்லது. லேடெக்ஸுக்கும் ஃபோமுக்கும் நேர் வெயில் ஆகாது, மஞ்சளித்துப் பொடியும். நிழலில் மின்விசிறிக் காற்று போதும்.

உங்கள் மெத்தைக்கு இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தரையில் இறக்கி நூல் பிடித்து அளங்கள். நான்கு சென்டிமீட்டரைத் தாண்டினால் கறைக்காக ஒரு சொட்டு மருந்துகூட வீணாக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். இரண்டரைக்குள் இருந்து முஷ்டி சோதனையும் தேறினால் என்சைம் போட்டு, இரண்டு பக்கமும் காற்றுபடும்படி சாய்த்து நிறுத்தி, மின்விசிறியில் ஒரு முழு நாளாவது உலர்த்தி, தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். இடைப்பட்ட அளவு என்றால் திருப்பிப் போட்டு இரண்டு மூன்று வாரம் படுத்து இடுப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். குப்புறப் புரட்டுவது இரண்டு பக்கமும் படுக்கும்படி செய்த மெத்தைக்கு மட்டும்தான். மேலே தனியாக மெத்தென்ற அடுக்கு தைத்திருந்தால் புரட்டக் கூடாது, சுற்றித் திருப்பலாம். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

பழையதை வைத்துக்கொண்டாலும் புதிது வாங்கினாலும் நீர் புகாத புரொடெக்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். குழந்தை உள்ள வீட்டில் மாற்றிப் போட இரண்டு வேண்டும். அதை அயர்ன் செய்யக் கூடாது, டிரையரில் அதிகச் சூடும் வைக்கக் கூடாது, உள்பக்கப் பூச்சு உரிந்து நீர் கசியும். கசிகிறதா என்று பார்க்க, துவைத்த புரொடெக்டரை வாளி மேல் விரித்து நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் ஒரு சொட்டு விழுந்தாலும் அதை மாற்றுங்கள். புது மெத்தை வந்தால், உறை போடுவதற்கு முன் அதன் பக்கவாட்டு அட்டையில் வாங்கிய தேதியையும் அன்று அளந்த உயரத்தையும் அழியாத பேனாவால் எழுதி வையுங்கள்; அடுத்த முறை நூல் பிடிக்கும்போது ஒப்பிட அந்த எண்தான் தேவைப்படும்.